டிக்கிக்குப் புது விரிப்பு

பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்க வருகிற சாதாரண மனிதர் முதலில் அதன் பெயின்டின் பளபளப்பைப் பார்ப்பார். பிறகு கதவைத் திறந்து மூடி அதன் ஓசையைக் கேட்பார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆசனத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, மனத்திற்குள்ளேயே ஊட்டி வரைக்கும் ஒரு பிரயாணம் போய்வருவார். அவரோடு துணைக்கு வருகிற அனுபவசாலியான மெக்கானிக்கோ, இவற்றில் எதையும் பொருட்படுத்தாமல் நேரே வண்டியின் பின்பக்கம் சென்று, டிக்கியைத் திறந்து, தரையில் விரித்திருக்கும் துணியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, அதன் அடியில் கையை விட்டுத் தடவி, அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். பெயின்டைப் புதுப்பிக்கலாம், ஆசனத்துக்கு உறை மாற்றலாம், டயருக்குக் கறுப்பு மெருகு பூசலாம். டிக்கியின் அடித்தளத்தை மட்டும் ஒரே நாளில் யாரும் யௌவனமாக்கிவிட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தத் துணியும், பக்கவாட்டு அட்டைகளும், அடிப்பலகையுமாகச் சேர்ந்த உள்விரிப்பை நம் வீட்டு வாசலிலேயே, நம் கையாலேயே புதுப்பிப்பது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். அதற்குள் புகுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவது உசிதம். துணி ஒட்டுவது இந்தக் காரியத்தின் கடைசிப் பகுதி. சுலபமான பகுதியும் அதுவே. அடியில் ஒளிந்திருக்கும் ஈரத்தின் மூலத்தைக் கண்டுபிடிப்பதும், அது விளைவித்த துருவை நிவர்த்தி செய்வதுமே பிரதானமான வேலை. அதைச் செய்யாமல் ஒட்டிய துணி, எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், குறையை மறைத்ததாகுமே தவிரத் தீர்த்ததாகாது.

மோட்டார் வாகனம் தோன்றிய காலத்தில் டிக்கி என்று தனியே ஒரு பாகம் இருக்கவில்லை. தோல் பெட்டியையோ மரப் பெட்டியையோ வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சட்டத்தின்மேல் வைத்து, வாரினால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கனவான்கள் பிரயாணம் செய்தார்கள். 1930களில்தான் அந்தப் பெட்டிக்குரிய இடம் வண்டியின் உடலோடு ஒன்றாகித் தகரத்தால் மூடிய ஓர் அறையாகப் பரவலாக மாறியது. நம் நாட்டில் அந்த அறையின் பெருமையை நிலைநாட்டிய வண்டி அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை தயாரான அந்த வண்டியின் டிக்கியில், கல்யாணத்துக்குப் போகிற ஒரு கூட்டுக் குடும்பத்தின் பெட்டி படுக்கைகளும், திரும்பி வருகையில் சீர்ப் பாத்திரங்களும் அடங்கின. அதே ஹூக்ளி நதிக்கரையில், உத்தர்பாராவுக்குச் சமீபத்திலுள்ள ரிஷ்ராவில்தான் 1855இல் இந்தியாவின் முதல் சணல் ஆலை எழுந்தது என்பது இங்கே நினைக்கத் தக்கது; ஏனெனில் சணல் நாரைத் தட்டி அழுத்திச் செய்த ஃபெல்ட்தான் வெகுகாலம் கார்களின் தரைவிரிப்புக்கு அடியில் மெத்தையாகக் கிடந்தது. இன்று அந்த ஸ்தானத்தைப் பெரும்பாலும் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் முதலிய செயற்கை இழைகள் பிடித்துக்கொண்டுவிட்டன.

உள்விரிப்பு வெறும் அலங்காரம் என்று எண்ணுவது பிழை. டிக்கி என்பது மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன வெற்றறை. அடியில் சைலன்சர் உறுமுகிறது, இரு பக்கமும் சக்கரங்கள் சுழன்று சரளைக் கல்லை வாரியடிக்கின்றன. தகட்டை வெறுமையாக விட்டால் அது முரசுபோல அதிர்ந்து, அந்த அதிர்ச்சி முழுவதையும் பின்னாசனத்தில் இருப்பவர் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகையால் தகட்டின்மேல் தார் கலந்த கனமான ஷீட்டை ஒட்டி அதிர்வைத் தணிக்கிறார்கள். அதன்மேல் ஃபெல்ட்டை விரித்து ஓசையை உறிஞ்ச வைக்கிறார்கள். இரண்டாவதாக, வளைவுகளில் உருண்டோடும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் தகட்டின் பெயின்டைக் கீறாமல் விரிப்புத் தடுக்கிறது. கீறிய இடத்திலிருந்துதான் துரு தொடங்குகிறது. மூன்றாவதாக, பக்கத்து அட்டைகளுக்குப் பின்னால் பின்விளக்குகளின் ஒயர்களும், பல வண்டிகளில் பெட்ரோல் ஊற்றுகிற குழாயும் செல்கின்றன. சாமான்கள் அவற்றில் மோதாதபடி அவ்வட்டைகள் காவல் நிற்கின்றன. கண்ணுக்கு அழகு என்பது இம்மூன்றுக்கும் பிறகு வருகிற நான்காவது பிரயோஜனம்.

ஈரம் வரும் வழி

விரிப்பு கெடுவதற்கு வயோதிகமும் உபயோகமும் காரணம் என்றாலும், அதைக் கொல்வது நீர். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகளின் கதி எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெள்ளமே காணாத வண்டிகளிலும், வருஷந்தோறும் ஐப்பசி கார்த்திகை மழையில், யாரும் அறியாமல் ஓர் ஆழாக்கு, அரைப்படி என்று நீர் டிக்கிக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டுத் தன் மிருதுவை இழந்திருக்கலாம். பின்விளக்கின் பின்னாலுள்ள வாஷர் நைந்திருக்கலாம். தகடுகள் சேருமிடத்தில் கம்பெனியில் பூசிய சீலன்ட் வெடித்திருக்கலாம். பின்கண்ணாடியின் ரப்பர் சுருங்கியிருக்கலாம். எந்த வழியாக வந்தாலும் நீர் தாழ்ந்த இடத்தைத்தான் நாடும்; அநேகமான கார்களில் தாழ்ந்த இடம் ஸ்டெப்னி கிடக்கும் குழி. அங்கே போகிற வழியில் ஃபெல்ட் அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மேலே தொட்டால் உலர்ந்திருக்கும். அடியில் மாதக்கணக்காக ஈரம் நிற்கும். டிக்கியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிற பூஞ்சை வாடைக்கும், அடித்தட்டில் செதில் செதிலாக எழும்பும் துருவுக்கும் காரணம் இதுவே.

கழற்றும் முறை

வேலையை மழையற்ற, நல்ல வெயில் அடிக்கும் நாளில் தொடங்க வேண்டும். முதலில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுவது நலம். மின்சாரத்தால் திறக்கும் பூட்டுள்ள வண்டிகளில் இந்த வரிசையை மாற்றிச் செய்தால், மூடி மூடிக்கொண்ட பிறகு திறப்பதற்குப் பெரும்பாடு பட நேரும். பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும் வண்டிகளும் சில உண்டு. காஸ் சிலிண்டர் பொருத்திய வண்டியாக இருந்தால் சிலிண்டரையோ அதன் வால்வையோ குழாயையோ நாமாகத் தொடவே கூடாது. அதைக் கழற்றி மாட்ட அங்கீகாரம் பெற்றவரிடமே அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும்.

சாமான்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, அடிப்பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்தபின், பக்கத்து அட்டைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளின் முறை வரும். இவை சிறிய காளான் வடிவத்தில் இருக்கும்; நடுவிலுள்ள குமிழைச் சிறிது தூக்கினால்தான் பிடி தளரும் ரகம் ஒன்று, நேராக நெம்பி எடுக்கும் ரகம் மற்றொன்று. துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரைத் தலையின் அடியில் நுழைத்து, அவசரப்படாமல் நெம்ப வேண்டும். பத்து வருஷ வெயில் கண்ட கிளிப் எவ்வளவு ஜாக்கிரதையாக எடுத்தாலும் சில வேளை முறிந்துதான் போகும். ஆகையால் அதே ரகத்தில் ஒரு பிடி கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கழற்றியதும் அதன் முதுகில் இடது, வலது, மேல், கீழ் என்று சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டால், திரும்ப மாட்டும்போது சந்தேகம் எழாது.

பழைய துணி எவ்வளவு கிழிந்து நாறினாலும் அதைக் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. தையற்காரருக்கு அளவுச் சட்டை எப்படியோ, நமக்கு அது அப்படி. துணி முற்றிலும் மக்கிப் போயிருந்தால், செய்தித்தாள்களை டேப்பால் ஒட்டிப் பெரிதாக்கி, தகட்டின்மேல் படியவைத்து, ஓரங்களை விரலால் அழுத்திக் கோடு விழச்செய்து, அந்தக் கோட்டின்படி வெட்டி அளவு எடுத்துக்கொள்ளலாம்.

நீர்ப் பரிசோதனை

டிக்கி வெறுமையாகி, ஈரம் முழுவதும் துடைத்து, இரண்டொரு நாள் திறந்தே கிடந்து உலர்ந்த பிறகுதான் பரிசோதனை தொடங்க வேண்டும். அடித்தட்டிலும் பக்கங்களிலும் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, பூட்டு மின்சாரத்தால் திறக்கும் வண்டியானால் பேட்டரியைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, மூடியைச் சாத்தி, ஒருவர் ரப்பர் குழாயால் மெதுவாக நீர் விடட்டும். எடுத்த எடுப்பிலேயே வண்டி முழுவதையும் நனைத்துவிட்டால் நீர் எங்கே புகுந்தது என்று சொல்ல முடியாது. கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும்: முதலில் பம்பரின் மேல்விளிம்பு, பிறகு ஒவ்வொரு பின்விளக்கு, பிறகு மூடியின் ஓரங்கள், கடைசியில் பின்கண்ணாடியின் ரப்பர். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிஷம் நீர் விட்டு நிறுத்தி, மூடியின் மேல் நிற்கும் நீரைத் துடைத்துவிட்டுத் திறந்து பார்த்தால், பவுடரின் வெண்மையில் நீர் ஓடிய தடம் தெளிவாகத் தெரியும். அந்தத் தடத்தைப் பின்பற்றி மேலே போனால் ஓட்டை அகப்படும். சிலர் டார்ச் விளக்கோடு ஓர் ஆளை உள்ளே படுக்க வைத்து மூடியைச் சாத்துவதுண்டு; இது பிராணாபத்துக்கு இடமான காரியம். அதிலும் குழந்தைகளை விளையாட்டுக்குக்கூட உள்ளே விட்டு மூடக் கூடாது.

ரப்பர் பீடிங்கைச் சோதிக்க இன்னும் சுலபமான வழி உண்டு. ஒரு தாள் துண்டை பீடிங்கின்மேல் வைத்து மூடியைச் சாத்தி, தாளை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக வந்தால் அந்த இடத்தில் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே நீருக்கு வாசல் திறந்திருக்கிறது. இப்படிச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் பார்த்துவிட்டால் போதும். பீடிங்கை மாற்றுவதும், விளக்கின் வாஷரை மாற்றுவதும், வெடித்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து கார்களுக்கென்று விற்கும் சீலன்டைப் பூசுவதும் நாமே செய்யக்கூடியவை. ஸ்டெப்னிக் குழியின் அடியிலுள்ள ரப்பர் மூடிகள் அழுக்கடைத்தோ காணாமற்போயோ இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி ஒரு முறை நீர்விட்டு, உள்ளே பவுடர் பவுடராகவே இருக்கக் கண்டால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

துருவின் தராதரம்

துருவெல்லாம் ஒன்றல்ல. மேலே பழுப்பு நிறம் பூத்து, தேய்த்தால் அடியில் பளிச்சென்று எஃகு தெரிகிற துரு முதல் தரம். சொறிசொறியாகக் குழி விழுந்தது இரண்டாம் தரம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிப்பதும், முனையால் அழுத்தினால் உள்ளே போவதும் மூன்றாம் தரம். முதலிரண்டும் நம் கைக்கு அடங்கும். மூன்றாவது டிங்கர் கடைக்குரியது. அங்கே வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். பெட்ரோல் டாங்க் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பதால் அது பழகியவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

நம் பங்குக்குக் கம்பி பிரஷ்ஷால் செதில்களை உதிர்த்து, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்து, பிறகு 180ஆம் நம்பரால் ஓரங்களைச் சமனாக்கி, தூசியைத் துடைத்து, தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். குழிகளுக்குள் எஞ்சியிருக்கும் துருவை மாற்றிவிடப் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவை துருவோடு ரசாயன மாற்றமடைந்து, ஸ்திரமான ஒரு படலமாகப் படிகின்றன. அதன்மேல் ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. கடைசியில் வண்டியின் நிறத்திலோ, கறுப்பிலோ ஒரு பூச்சு. மூக்குக்குக் கவசமும் கைக்கு உறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இந்த நிலையில் வண்டியை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தாலும் நஷ்டமில்லை. பெயின்ட் நன்றாக இறுகட்டும்.

பலகையும் துணியும்

பல கார்களில் அடிப்பலகை மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ஹார்டுபோர்டு. மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்த அது, ஒரு முறை நன்றாக நனைந்தால் ஊதி, பிறகு பழைய வடிவத்துக்கு வருவதேயில்லை. அதை மாற்றுவதானால் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் சிலாக்கியம். இந்திய தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 710 என்ற முத்திரையுள்ளது மரைன் பிளைவுட்; ஐ.எஸ். 303இல் கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். என்ற ரகம் உண்டு; இரண்டில் எதுவானாலும் இந்த வேலைக்குப் போதும். எதுவானாலும் நீரை அதிகமாகக் குடிப்பது பலகையின் முகமல்ல, அறுபட்ட விளிம்பு. ஆகையால் அளவாக அறுத்த பிறகு விளிம்புகளுக்கு இரண்டு தடவையும், இரண்டு முகங்களுக்கு ஒரு தடவையும் வார்னிஷ் பூசியே துணி போர்த்த வேண்டும்.

துணியில் முதல் மரியாதைக்குரியது, நெய்யாமல் ஊசியால் குத்திச் செய்யும் கார்ப்பெட். இழைகளை மெத்தைபோலப் பரப்பி, முட்கள் உள்ள ஆயிரக்கணக்கான ஊசிகளை மேலும் கீழும் பாய்ச்சி, இழையோடு இழை சிக்கிக்கொள்ளும்படி செய்வதால் இது துணியாகிறது. இதில் பாவும் ஊடும் இல்லை. வெட்டிய ஓரம் பிரிவதில்லை. ஓரம் அடிக்கத் தையல் இயந்திரம் வேண்டியதில்லை. சூடாக்கினால் இழுத்த இழுப்புக்கு இணங்கி வளைவுகளில் படிகிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிட அனுகூலமானது வேறில்லை. ரெக்ஸின் துடைப்பதற்கு எளிது, பக்கத்து அட்டைகளுக்கு அழகு. ஆனால் தரையில் சாமான் வழுக்கும். தரைக்கு ரப்பர் பாய் மட்டும் போடுவதும் உண்டு. காய்கறி மூட்டை, பால் கேன் ஏற்றுகிறவர்களுக்கு அது தகும். வீட்டுக் கூடத்துக்கு விற்கும் புசுபுசுவென்ற கம்பளமும், தெர்மாக்கோலும் வேண்டாம். கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைப்பது ஒரு தோஷம். தீப்பற்றினால் எவ்வளவு வேகத்தில் எரியும் என்ற கணக்கு அவற்றில் பார்க்கப்படாதது அதைவிடப் பெரிய தோஷம். காரின் உள்பாகங்களுக்கான துணிமணிகள் மெதுவாகவே எரிய வேண்டும் என்று அமெரிக்காவில் 1972 முதல் விதி அமலில் இருக்கிறது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 15061 என்ற நிர்ணயம் இதற்கென்றே இருக்கிறது. ஆகவே கார்களுக்கென்று விற்கும் துணியையே கேட்டு வாங்க வேண்டும்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் இத்தகைய துணிகளும் கிளிப்புகளும் பீடிங்கும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். உருவாக வார்த்த பழைய அசல் விரிப்பே வேண்டுமென்றால் புதுப்பேட்டையிலும், கோயமுத்தூர்க்காரர்கள் உக்கடத்திலும், உடைத்த வண்டிகளின் உதிரிகளிடையே தேடிப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் எந்தக் குஷன் கடைக்காரரும் சில்லறையாகத் துணி கொடுப்பார். அப்படிப்பட்ட கடையொன்றில், துணி கேட்டு வந்த ஒருவரிடம், ஆசனத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்ன வார்த்தை இந்தக் கலையின் சாரம்: “துணி எப்ப வேணாலும் ஒட்டிக்கலாம் சார், முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்த்துட்டு வாங்க.”

வெட்டுதலும் ஒட்டுதலும்

துணியைச் சமதரையில் முதுகு மேலாக விரித்து, பழைய துண்டை அதன்மேல் வைத்துக் கோடு போட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோடு போடுவது துணியின் முதுகில் ஆகையால், அளவுத் துண்டையும் முதுகு மேலாகத்தான் வைக்க வேண்டும். முகம் மேலாக வைத்துவிட்டால் வலப்பக்கத்துக்கு வெட்டியது இடப்பக்கத்துக்கு ஆகிவிடும். இரண்டாவது நுட்பம், துணியின் மயிர் சாயும் திசை. உள்ளங்கையால் தடவினால் ஒரு புறம் வழவழப்பாகவும் மறுபுறம் எதிர்ப்பாகவும் தோன்றும். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் அமையாவிட்டால், ஒரே சுருளில் வெட்டிய துணி வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். பலகையைச் சுற்றி மடிக்க வேண்டிய ஓரங்களில் இரண்டு அங்குலம், வளைவுள்ள இடங்களில் மூன்று அங்குலம் கூடுதலாக விடுவது அவசியம். மிகுந்ததைப் பிறகு வெட்டலாம், குறைந்ததை வளர்க்க முடியாது.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் மரத்துக்கு உபயோகிக்கும் வெள்ளைப் பசை உதவாது. அதிலுள்ள நீர் மரத்துக்குள்ளோ காற்றிலோ போனால்தான் அது இறுகும். ஒரு பக்கம் தகடும் மறுபக்கம் ரெக்ஸினும் நீரை வெளியே விடாவிட்டால் அது உள்ளேயே ஈரமாகக் கிடக்கும். இறுகினாலும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். இங்கே தேவையானது செயற்கை ரப்பரால் செய்த கான்டாக்ட் பசை, பெவிகால் எஸ்.ஆர். என்று கேட்டால் எந்த ஹார்டுவேர் கடையிலும் எடுத்துத் தருவார்கள். இதன் ஸ்வபாவம் வேறு. ஒரு பக்கம் மட்டும் பூசி, ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் இது பிடிக்காது. துணியின் முதுகு, தகடு அல்லது அட்டை ஆகிய இரண்டிலும் மெல்லியதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுவைக்க வேண்டும். விரலின் பின்பக்கக் கணுவால் தொட்டுப் பார்க்கும்போது பசை விரலோடு ஒட்டி வராமல், தொட்டேன் என்ற உணர்ச்சியை மட்டும் தருகிற நிலையே பக்குவம். அந்த நிலையில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உடனே பற்றிக்கொள்ளும். பிறகு நகர்த்தவோ சரிசெய்யவோ சந்தர்ப்பம் கிடையாது. ஆகவே பெரிய துண்டுகளுக்கு முழுவதும் ஒரேயடியாகப் பசை பூசாமல், பாதியை மடித்து வைத்து, நடுவிலிருந்து ஒரு முழம் ஒரு முழமாக முன்னேறுவதே விவேகம்.

இந்தப் பசையின் ஆவி தீப்பற்றக் கூடியது, தலையைச் சுற்றவும் செய்யும். டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்யும் வேலையாதலால், நாலு கதவையும் திறந்து வைத்துக் காற்றோட்டத்தில் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடியோ, அடுப்போ, பூஜை விளக்கோகூட இருக்கலாகாது. மழைக்கால மாலையிலும் இதைச் செய்யக் கூடாது. பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படிந்துவிடும். அன்று ஒட்டியதாகத் தோன்றுவது மறுவாரம் உரியத் தொடங்கும்.

கைத்திறன் வெளிப்படுகிற இடம் சக்கரத்தின்மேல் டிக்கிக்குள் எழும்பி நிற்கும் மேடு. ஒரே சமயத்தில் இரண்டு திசையிலும் வளைகிற அந்த மேட்டில் தட்டையான துணி இயற்கையாகப் படியாது. மேட்டின் உச்சியில் ஒரு கையகலம் மட்டும் முதலில் ஒட்டி அழுத்திவிட்டு, தலைமயிர் உலர்த்தும் டிரையரால் துணியைச் சூடாக்கி, அது கையில் இளகுவதை உணர்ந்தவுடன் உச்சியிலிருந்து வெளிப்புறமாக, விசிறி விரிவதுபோல, இழுத்து இழுத்துப் படியவைக்க வேண்டும். டிரையர் வேலை செய்கிற நேரத்தில் பசை டப்பா மூடித் தூரத்தில் இருக்க வேண்டும். பூசிய பசையும் பக்குவத்துக்கு உலர்ந்திருக்க வேண்டும். அடிவிளிம்பில் துணி மிகுந்து சுருங்குகிற இடங்களில், ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவத்தில் சிறு வெட்டுகள் கொடுத்தால், அவை ஒன்றோடொன்று சேர்ந்து சுருக்கம் மறைந்துவிடும். அந்த வெட்டுகள் தரைத் துணியின் அடியில் ஒளியும்படி அமைப்பது சாமர்த்தியம்.

முடிவாக மாட்டும்போது, அட்டையின் பின்பக்கத்திலிருந்து குத்தூசியால் பழைய துவாரங்களைக் குத்திக் கண்டுபிடித்து, அவற்றில் கிளிப்புகளைப் பொருத்த வேண்டும். கிளிப் நிற்காத இடத்தில் ஸ்க்ரூ அடித்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு எழும். தரைத் தகட்டில் மட்டும் அதைச் செய்யக் கூடாது. அடியில் இருப்பது பெட்ரோல் டாங்க்காகவோ ஒயராகவோ இருக்கலாம். எல்லாம் முடிந்தபின் பேட்டரியைச் சேர்த்து, பின்விளக்குகளும் பிரேக் விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்து, டிக்கியை ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துப் பசையின் வாடை போன பிறகே சாமான்களை ஏற்ற வேண்டும்.

இவ்வளவு சிரமமும் எதற்கு, குஷன் கடையில் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உருவாக வார்த்த விரிப்பு கிழியாமல் அழுக்கு மட்டும் ஏறியிருந்தால், சோப்பு நீரில் அலசி நன்றாகக் காயவைத்தாலே போதும். எதையும் மாற்ற வேண்டியதில்லை. தகடு பொத்தலாகியிருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், நாமே செய்வதால் மிச்சமாகிற கூலியைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கூலிக்குச் செய்பவர் பழைய துணியை உரித்துப் புதுத் துணியை ஒட்டிக் கொடுப்பார். நாம் கேட்டதும் அதுதான், அவர் வாங்கிய கூலியும் அதற்குத்தான். நீர்ப் பரிசோதனைக்கும், பெயின்ட் காய்வதற்குமாக நாட்கணக்கில் காத்திருக்க அவருக்கு அவகாசமும் இல்லை, அதற்குக் கூலி கொடுக்க நமக்கு மனமும் இல்லை. பொறுமையாகச் செய்ய வேண்டிய பாதி வேலை சொந்தக்காரரால்தான் நடக்கும். அதை மட்டும் நாம் செய்துவிட்டு, துணி ஒட்டுவதைக் கடைக்காரரிடம் விட்டாலும் குறைவில்லை.

வேலை முடிந்த பிறகும் சில பழக்கங்கள் வேண்டும். நனைந்த குடையையும், கடற்கரையில் குளித்த துணியையும் டிக்கியில் போட்டு மறந்துவிடக் கூடாது. அரிசி, கடலை முதலியவை சிந்தினால் அன்றே துடைக்க வேண்டும். அந்த வாசனைக்கு வரும் எலி ஃபெல்ட்டில் கூடு கட்டி, ஒயரையும் கடித்துவிட்டுப் போகும். வருஷத்துக்கு இருமுறை, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், பலகையைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியில் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பெயின்ட் காய்வதற்கும் பசை பிடிப்பதற்கும் அதற்கு முந்திய மாதங்களே ஏற்றவை. ஆகவே கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், துணி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு வாளி நீரும் ஒரு பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டு தம் வண்டியின் பின்பக்கம் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.